ரயில்பாதை மண்ணுக்குக் கையடக்க எக்ஸ்ஆர்எஃப்: உலோகத்துக்குக் கெட்டி, எண்ணெய்க்குக் குருடு

ரயில்பாதையோர மண்ணில் உலோக மாசு எவ்வளவு என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடும் என்றுதான் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியை (எக்ஸ்ரே பாய்ச்சி, மண்ணிலிருந்து திரும்பும் கதிரைக் கொண்டு தனிமங்களை அளப்பது) விற்கிறார்கள். களத்தில் இருப்பவர்கள் ‘எக்ஸ்ஆர்எஃப் கன்’ என்பார்கள். நைட்டான், வாண்டா, எஸ்1 டைட்டன் என்று பெயர்கள் வேறானாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: 50 கிலோவோல்ட் வரை போகக்கூடிய சிறிய எக்ஸ்ரே குழாய், திரும்பும் கதிரை உணரும் சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டர், திரை, விசை, பேட்டரி. அதனால் இது ஒரு பிராண்டுக்கான மதிப்புரை அல்ல. இந்த வகைக் கருவியை ஜல்லிக்கும் இரும்புத்தூளுக்கும், மரக்கட்டை மக்காமலிருக்க ஏற்றும் தார் எண்ணெயான கிரியோசோட்டுக்கும் நடுவே கொண்டுபோய் வைத்தால் எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதற்கான மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஈயம், துத்தநாகம் இரண்டையும் தாராளமாக நம்பலாம். தாமிரத்தையும் மாங்கனீசையும் இரும்பு அளவைப் பார்த்துக்கொண்டு நம்பலாம். ஆர்சனிக் எண்ணை ஸ்பெக்ட்ரத்தை, அதாவது திரும்பும் கதிர்களின் ஆற்றல் வரைபடத்தை, திறந்து பார்க்காமல் எழுதக் கூடாது. கோபால்ட் என்று எதைக் காட்டினாலும் இந்த மண்ணில் பொருட்படுத்த வேண்டியதில்லை. டீசல், மசகெண்ணெய், கிரியோசோட், ஆர்சனிக் இல்லாத களைக்கொல்லி ஆகியவை இதன் கண்ணில் படவே படாது. ரயில்பாதை மண்ணின் பெரிய வில்லங்கம் பல இடங்களில் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. கருவியை வாங்கிய பிறகு பலருக்கும் வருத்தம் வருவது அங்கேதான்.

எந்த இடத்தில் எதைத் தேட வேண்டும்

ரயில்பாதை மண் ஒரே சீரான மண் அல்ல. சக்கரமும் தண்டவாளமும் உரசித் தேய்வதில் இரும்பும் மாங்கனீசும் உதிரும். சாதாரணத் தண்டவாள எஃகிலேயே மாங்கனீசு ஏறக்குறைய 1 சதவீதம் உண்டு. பாயிண்ட் கிராசிங்குகளில் (தண்டவாளங்கள் பிரிந்து குறுக்கிடும் இடங்கள்) ஹேட்ஃபீல்டு எஃகு பயன்பட்டிருந்தால் அது 11 முதல் 14 சதவீதம் மாங்கனீசு. அதனால் கிராசிங்கை ஒட்டிய மண்ணில் மாங்கனீசு திடீரென்று எகிறினால் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். மின்பாதையில் மேல்நிலைக் கம்பி தேய்வதால் தாமிரம் விழும். கல்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) கம்பங்களின் அடியில் துத்தநாகம் சேரும். பிரேக் கட்டைகளில் வார்ப்பிரும்பு என்றால் பெரும்பாலும் இரும்பே. கலப்புக் கட்டைகள் என்றால் தாமிரம், துத்தநாகம், ஆண்டிமனி, பேரியம் எல்லாம் வரலாம். நிலையத்துக்குள் நுழையும் முன் வண்டி வேகம் குறையும் நீளத்தில் இவற்றைத் தேட வேண்டும், நடுப்பாதையில் அல்ல.

ஈயத்துக்கு வேறு முகவரிகள்: பழைய பெயின்ட் சுரண்டப்பட்ட இரும்புப் பாலங்களின் அடி, பெட்டிகளின் பேட்டரி மாற்றும் இடம், உலோகத் தாது ஏற்றி இறக்கும் சைடிங் (பக்கப் பாதை), பழைய பேரிங் வைத்த வேகன்கள் பழுதுபார்த்த பட்டறை. அந்தப் பேரிங்குகளின் வெள்ளை உலோகத்தில் ஈயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் இருந்தன. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து உயர்ந்தால் மூலத்தை ஊகிப்பது எளிது. ஆர்சனிக்குக்கு இரண்டு வழிகள். ஒன்று, ஒரு காலத்தில் பாதையோரப் புல்லைக் கொல்லத் தெளித்த ஆர்சனிக் கலந்த களைக்கொல்லிகள். மற்றது, தாமிரம்-குரோமியம்-ஆர்சனிக் கலவை ஏற்றிய மரக்கட்டைகள். நீராவி எஞ்சின் காலத்து நிலக்கரிச் சாம்பலைக் கொட்டி மேடாக்கிய யார்டுகளிலும் இது தலைகாட்டும்.

இந்த வரைபடம் மனதில் இல்லாமல் கருவியை எடுத்துக்கொண்டு பாதை நெடுக நடந்தால் நூறு எண்கள் கிடைக்கும், அர்த்தம் கிடைக்காது. பாதைக்குக் குறுக்காகக் கோடு போட்டு, தண்டவாளத்திலிருந்து 2, 5, 10, 25, 50 மீட்டர் என்று எடுப்பது நல்லது. உலோகங்கள் பெரும்பாலும் முதல் சில மீட்டரிலேயே சரசரவென்று குறையும். குறையாவிட்டால் மூலம் ரயில் அல்ல என்றோ, கொட்டிய மண்ணே மாசானது என்றோ சந்தேகப்பட வேண்டும்.

ஜல்லிமேல் வைத்து அழுத்தாதீர்கள்

அதிகம் நடக்கும் தவறு இதுதான். கருவியின் மூக்கு பார்ப்பது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தை. ஈயம், ஆர்சனிக் போன்றவற்றுக்கு ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். ஜல்லிக்கல்லின்மேல் வைத்தால் கல்லின் வேதியியலைத்தான் அது படிக்கும். பசால்ட் ஜல்லி என்றால் அதில் இயற்கையாகவே நிக்கலும் குரோமியமும் டைட்டானியமும் இருக்கும். உருக்காலைக் கசடை ஜல்லியாகப் போட்டிருந்தால் மாங்கனீசும் வனேடியமும் கூடக் கிளம்பும். இவை எதுவும் வண்டியிலிருந்து விழுந்தவை அல்ல. ஆகவே பாதைக்கு வெகு தள்ளி இருக்கும் அதே வகை மண் ஒன்று, பொடித்த ஜல்லி ஒன்று என இரண்டு பின்னணி மாதிரிகள் இல்லாமல் அறிக்கை எழுதக் கூடாது.

ஜல்லியைக் கையால் ஒதுக்கி, அதன் அடியில் தங்கியிருக்கும் கறுத்த நுண்மண்ணை எடுக்க வேண்டும். ஒரே குழியிலிருந்து ஒரு கரண்டி எடுப்பதைவிட, தீர்மானிக்க வேண்டிய பரப்பில் 30 இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலப்பது மிகவும் மேல். முதலில் 2 மில்லிமீட்டர் சல்லடை; பிறகு உலர்த்தி 250 மைக்ரான் சல்லடை, அதாவது 60 மெஷ். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 6200 வழிமுறையும் இதே 60 மெஷ்ஷைத்தான் கேட்கிறது. சல்லடையில் நின்ற பெரிய துண்டுகளைத் தூக்கிப் போடும் முன் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரும்புச் சீவல்கள் அங்கேதான் தங்கும்.

உலர்த்தலில் ஒரு எச்சரிக்கை. அவசரத்துக்கு மைக்ரோவேவ் அடுப்பில் வைப்பவர்கள் உண்டு. மண்ணில் உலோகத் துணுக்குகள் இருந்தால் உள்ளே தீப்பொறி பறக்கும் என்று அதே 6200 வழிமுறையே சொல்கிறது. ரயில்பாதை மண்ணில் அந்தத் துணுக்கு இல்லாத மாதிரியே அபூர்வம். சாதாரண அவன் போதும். பாதரசமோ எண்ணெயோ சந்தேகம் இருந்தால் அவனும் வேண்டாம், காற்றில் உலர்த்துங்கள். பாதரசமா என்று கேட்கலாம்: 19ஆம் நூற்றாண்டில், தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளைப் பாதரசக் குளோரைடில் ஊறவைக்கும் வழக்கம் இருந்தது.

ஈரம் 5 முதல் 20 சதவீதம் வரை இருந்தால் பிழை சிறிதுதான். அதற்குமேல் போனால் எண்கள் கீழே இறங்கும். எண்ணெயும் ஈரம் போலவே நடந்துகொள்ளும் என்பதை மறந்துவிடுகிறார்கள். லோகோ ஷெட்டில் எடுத்த பிசுபிசுப்பான மண்ணில் ஈயம் குறைவாகக் காட்டினால், ஈயம் குறைவு என்று மட்டும் பொருள் அல்ல. எண்ணெய் அதை நீர்த்துப்போகச் செய்திருக்கலாம்.

உலர்ந்த மண்ணை மாதிரிக் குப்பியில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்காவது நிரப்பி, மெல்லிய பாலிபுரோப்பிலீன் படலத்தால் மூடி அளப்பதுதான் முறை. பிளாஸ்டிக் பையோடு அளந்தால் ஈயத்துக்கும் துத்தநாகத்துக்கும் பெரிய கேடில்லை. குரோமியம், வனேடியம் போன்ற குறைந்த ஆற்றல் கதிர்களைப் பை தின்றுவிடும். பையோடு அளந்ததையும் குப்பியில் அளந்ததையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

ஈயமும் ஆர்சனிக்கும் ஒரே நாற்காலியில்

இந்த மதிப்புரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய சில ஆற்றல்களில் கதிர் உமிழும்; அவற்றைக் கோடுகள் என்பார்கள், ஸ்பெக்ட்ரத்தில் அவை மேடுகளாகத் தெரியும். ஆர்சனிக்கின் கே-ஆல்ஃபா கோடு 10.54 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. ஈயத்தின் எல்-ஆல்ஃபா 10.55இல். எந்தக் கையடக்க டிடெக்டராலும் இந்த இடைவெளியைப் பிரிக்க முடியாது. கருவியின் மென்பொருள் ஈயத்தை 12.61இல் உள்ள எல்-பீட்டா கோட்டை வைத்துக் கணக்கிட்டு, அதற்குரிய பங்கை 10.5 மேட்டிலிருந்து கழித்து, மிச்சத்தை ஆர்சனிக் என்று காட்டுகிறது. ஈயம் குறைவாக இருக்கும்வரை இந்தக் கழித்தல் நன்றாக வேலை செய்யும். ஈயம் ஆர்சனிக்கைப்போல் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் ஆர்சனிக்கை இந்த முறையில் அளக்கவே முடியாது என்பது 6200 வழிமுறையின் வரம்பு. பெயின்ட் சுரண்டிய பாலத்தடியில் ஈயம் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்), ஆர்சனிக் 100 பிபிஎம் என்று திரை காட்டினால் விகிதம் 15. அந்த 100ஐ எழுதக் கூடாது, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

நடுத்தர நிலையில் செய்ய வேண்டியது: ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து 11.73இல் ஆர்சனிக்கின் கே-பீட்டா மேடு தனியாக எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பலவீனமான கோடுதான், ஆனால் ஈயத்தின் பெரிய கோடுகள் அங்கே குறுக்கிடுவதில்லை. ஸ்பெக்ட்ரத்தைத் திரையில் காட்டாத, கோப்பாகவும் வெளியே தராத கருவியை இந்த வேலைக்கு வாடகைக்குக்கூட எடுக்க வேண்டாம்.

இரும்பு செய்யும் கூத்து

எக்ஸ்ஆர்எஃப் தயாரிப்பாளர்களின் மண் அளவீடு சாதாரண மண்ணை நினைத்துச் செய்தது. ரயில்பாதையின் நுண்மண்ணில் தேய்மான இரும்பு வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். இதனால் மூன்று விளைவுகள். ஒன்று, இரும்பின் கே-பீட்டா கோடு 7.06இல் விழுகிறது, கோபால்ட்டின் கே-ஆல்ஃபா 6.93இல். இல்லாத கோபால்ட் நூற்றுக்கணக்கான பிபிஎம் கணக்கில் தோன்றுவது இதனால்தான். இரண்டு, இரும்பின் உறிஞ்சு விளிம்பு, அதாவது அது கதிரை அதிகமாக விழுங்கத் தொடங்கும் ஆற்றல், 7.11; நிக்கலும் தாமிரமும் உமிழும் கதிர்கள் அதற்குச் சற்று மேலே இருப்பதால் இரும்பு அவற்றை விழுங்கிவிடும், இரண்டும் குறைத்துக் காட்டப்படும். மூன்று, விழுங்கியதை இரும்பு தன் கதிராகத் திரும்பத் துப்பும்போது அது குரோமியத்தைத் தூண்டி அதை உயர்த்திக் காட்டும். நல்ல மென்பொருள் இதைத் திருத்தும். எவ்வளவு திருத்துகிறது என்பது அளவு முன்பே சான்றளிக்கப்பட்ட, இரும்பு மிகுந்த தரநிலை மாதிரி ஒன்றை அளந்தால்தான் தெரியும்.

இரும்போடு இன்னொரு தொல்லை, துணுக்கு. தண்டவாளம் கிரைண்டிங் செய்த நீளத்தில் எடுத்த குப்பியை ஒருமுறை அளந்து, குலுக்கி, மறுபடி அளந்தால் மாங்கனீசு இரு மடங்காக மாறலாம். ஒரே ஒரு சீவல் மூக்கின் முன்னால் வந்து உட்கார்ந்தால் போதும். கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மாதிரிதான் அப்படி. இன்னும் அரைத்து, சலித்து, குறைந்தது மூன்று முறை குலுக்கிச் சராசரி எடுப்பதே வழி.

குரோமியத்துக்கு ஒரு தனிக் குறிப்பு. எக்ஸ்ஆர்எஃப் மொத்தக் குரோமியத்தைப் படிக்கிறது. ஆய்வகத்தில் மண்ணை வழக்கமான அமிலத்தில் கரைக்கும்போது சிலிக்கேட்டுக்குள்ளும் குரோமைட்டுக்குள்ளும் பூட்டியிருப்பது முழுவதும் வெளியே வராது. ஆகவே கருவி பெரும்பாலும் ஆய்வகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியமா, மூன்றா என்று இதனால் சொல்ல முடியாது.

நேரமும் நம்பகமும்

மண் பயன்முறையில் மூன்று கதிர்கள் மாறி மாறி வரும். 50 கிலோவோல்ட் கதிர் காட்மியம், வெள்ளீயம், ஆண்டிமனி, பேரியத்துக்கு. நடுக்கதிர் இரும்பு முதல் ஈயம் வரை. குறைந்த வோல்ட் கதிர் குரோமியம், வனேடியம், டைட்டானியத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் 30 வினாடி வைத்தால் ஒரு மாதிரி ஒன்றரை நிமிடம். விளம்பரத்தில் வரும் ‘இரண்டு வினாடியில் முடிவு’ உலோகக் கழிவு பிரிக்கும் கடைக்குப் பொருந்தும், மண்ணுக்கு அல்ல. கண்டறியும் வரம்பைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். 30 வினாடியை 120 ஆக்கலாம், அதற்குமேல் காத்திருப்பது பெரும்பாலும் வீண். திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் கூட்டல்-கழித்தல் ஒரு சிக்மாவா (பிழையின் புள்ளியியல் அலகு), இரண்டா, மூன்றா என்று அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கருவிக்குக் கருவி இது மாறும். அறிக்கைகளை ஒப்பிடும்போது நிறையக் குழப்பம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

தினமும் வேலையைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும், இடையில் 20 மாதிரிக்கு ஒருமுறையும் சுத்தமான சிலிக்கா மணலை வெற்று மாதிரியாக அளக்க வேண்டும். தரநிலை மண்ணில் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டியின் 2709ஏ, 2710ஏ, 2711ஏ மூன்றும் பரவலாகப் பயன்படுபவை. சான்றளித்த மதிப்பிலிருந்து 20 சதவீதத்துக்குள் கருவி நிற்க வேண்டும். ஒரே மாதிரியை 7 முறை அளந்து விலகல் 20 சதவீதத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். குரோமியத்துக்கு 30 வரை பொறுக்கலாம். 20 மாதிரிக்கு ஒன்றாவது ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அனுப்பும்போது உயர்ந்த எண் வந்தவற்றை மட்டும் அனுப்பினால் பயனில்லை. கீழ், நடு, மேல் மூன்றும், முக்கியமாக நீங்கள் பின்பற்றும் சட்ட வரம்புக்கு அருகில் வந்தவையும் போக வேண்டும். கருவி எண்களுக்கும் ஆய்வக எண்களுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு (1க்கு நெருங்கினால் இரண்டும் ஒத்துப்போகின்றன) 0.7 இருந்தால் தேடலுக்குப் போதும். 0.9 இருந்தால் எண்ணையே பயன்படுத்தலாம்.

பார்க்காதவை

கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் எதையும் இந்தக் கருவி காணாது. கிரியோசோட் ஊறிய மரக்கட்டைகளிலிருந்து கசியும் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள், எரிபொருள் நிரப்பும் மேடையின் டீசல், வளைவுகளில் சக்கர விளிம்புக்குப் பூசும் கிரீஸ், பழைய மின்மாற்றிகளின் நச்சு மிகுந்த பிசிபி எண்ணெய், கிளைஃபோசேட், டையூரான் போன்ற களைக்கொல்லிகள், பழைய பிரேக் கட்டைகளின் ஆஸ்பெஸ்டாஸ் என்று பட்டியல் நீளம். 2023 பிப்ரவரி 3இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் ஈஸ்ட் பாலஸ்டைனில் சரக்கு ரயில் தடம்புரண்டு, பிறகு ஐந்து டாங்கர்களில் இருந்த வினைல் குளோரைடைத் திறந்துவிட்டு எரித்தார்களே, அந்த மண்ணில் மக்கள் அஞ்சியது, குளோரின் சேர்ந்தவை எரியும்போது உண்டாகக்கூடிய நச்சான டையாக்சினுக்கு. எக்ஸ்ஆர்எஃப் அங்கே கையில் இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்காது.

ஆகவே ஷெட், யார்டு, மரக்கட்டைக் கிடங்கு என்றால் துணைக் கருவிகள் கட்டாயம். பிஐடி எனப்படும் ஆவி அளவி, 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்குடன், பென்சீனையும் நாப்தலீனையும் பிடிக்கும். பையில் பாதி மண் போட்டு, கட்டி, பத்து நிமிடம் விட்டுப் பிறகு குத்திப் பார்க்க வேண்டும். மசகெண்ணெய் ஆவியாகாது என்பதால் பிஐடி அங்கே பூச்சியம் காட்டும். அந்தப் பூச்சியத்தை நம்பி சுத்தம் என்று சான்று எழுதிவிடக் கூடாது. மசகெண்ணெயைக் காண எளிய வழி, கண்ணாடிக் குப்பியில் மண்ணும் தண்ணீரும் சிட்டிகை சூடான்-4 சாயமும் போட்டுக் குலுக்குவது. எண்ணெய் இருந்தால் சிவந்து நிற்கும். அளவு வேண்டுமென்றால் ஆய்வகம்தான்: எண்ணெய்க்கு கார்பன் அணுக்கள் 10 முதல் 40 வரையிலான சேர்மங்களின் ஜிசி (வாயு நிறப்பகுப்பு) சோதனை, கிரியோசோட்டுக்கு 16 பல்வளையச் சேர்மங்களின் ஜிசி-எம்எஸ் (அதோடு நிறைமாலை அளவியும் சேர்ந்தது). இந்த மாதிரிகளைப் பிளாஸ்டிக் பையில் எடுக்காதீர்கள். டெஃப்ளான் மூடியுள்ள பழுப்புக் கண்ணாடிப் புட்டி, 4 டிகிரி குளிர்ச்சி, 14 நாளுக்குள் பிரித்தெடுப்பு. எக்ஸ்ஆர்எஃப்புக்காகச் சலித்து உலர்த்திய மண்ணை இதற்கு அனுப்பினால் ஆவியாகக்கூடியது எல்லாம் போயிருக்கும். இரண்டு மாதிரிகளையும் குழியிலேயே தனித்தனியாக எடுக்க வேண்டும்.

கைக்கு எப்படி, வாங்கலாமா

எடை ஒன்றரை கிலோ அளவில். குனிந்து தரையில் அழுத்திப் பிடித்து அரை நாள் வேலை செய்தால் மணிக்கட்டு பேசும். சிறிய மேசை ஸ்டாண்டு வைத்துக் குப்பிகளை அளப்பது கைக்கும் நல்லது, கதிர்ப் பாதுகாப்புக்கும் நல்லது. குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தும் பழக்கம் இருந்தால் இந்தக் கருவியைத் தொடவே கூடாது. பல நாடுகளில் உரிமம் அல்லது பதிவு இல்லாமல் வைத்திருக்கவும் முடியாது.

கருவியின் பலவீனமான உறுப்பு மூக்கின் மெல்லிய ஜன்னல் படலம். உடைந்த ஜல்லியின் கூர்முனையும் காய்ந்த புல்தண்டும் அதைக் குத்திக் கிழிக்கும். படலத்தை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. கிழிந்ததைக் கவனிக்காமல் தொடர்ந்து அளந்து டிடெக்டரின் முகம் உடைந்தால் அது தொழிற்சாலைக்கே போக வேண்டிய வேலை. இரும்புத்தூள் படலத்தில் ஒட்டிக்கொண்டால் அடுத்த மாதிரிகள் எல்லாமே இரும்பு ஏறிக் காட்டும்; வெற்று மணல் அளவீடு இதை உடனே காட்டிக் கொடுக்கும். வெயிலில் ஜல்லி கொதிக்கும் நேரத்தில் உள் வெப்பம் ஏறி, கருவி தானே ஓய்வெடுத்துக்கொள்ளும். காலை குளிரில் செய்த அளவுத்திருத்தம் நண்பகலுக்குப் பொருந்தாது, வெப்பம் மாறியதும் மறுபடி செய்ய வேண்டும்.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு இடம் மட்டும் ஆராய்பவர்கள் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். தாது சைடிங், பாலப் பெயின்ட், பேட்டரிப் பட்டறை என்று உலோக வேலை தொடர்ந்து இருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். தோண்டும் எல்லையை அங்கேயே நின்று தீர்மானிக்க இதைவிட வேகமான வழி இல்லை. டீசல் ஷெட்டும் மரக்கட்டைக் கிடங்கும்தான் உங்கள் வேலை என்றால் அதே பணத்தை ஆய்வகச் சோதனைகளுக்குச் செலவழியுங்கள். வாடகைக்கு எடுக்கும்போது பெட்டியைத் திறந்ததும் பாருங்கள்: சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டரா, பழைய வகை பின் (PIN) டையோடு டிடெக்டரா, மண் பயன்முறை திறந்திருக்கிறதா, உலோகக் கலவைப் பயன்முறை மட்டுமா, உதிரிப் படலம் பத்தாவது இருக்கிறதா, இரண்டாவது பேட்டரி சார்ஜ் நிற்கிறதா, ஸ்பெக்ட்ரம் கோப்பு வெளியே வருகிறதா. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்கிவிடுங்கள்.